பாசியில் படுத்தபடி சொன்ன சரி

பயமும் பாசமும் சரிபாதியாக நான் வைத்திருக்கும் அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் எழுதுவது. இங்கே முழங்கால் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், அண்ணனுடைய கோபம் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் படித்த படிப்புக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதே பெரிய காரியம். காற்புள்ளி எங்கே போடுவதென்று தெரியாததால் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் போட்டிருக்கிறேன். மலை ஏறிய கதை என்பதால் அது கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்றால், நீங்கள் எப்போதும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் வாழ்க்கையிலேயே முக்கியமான பேச்சைப் பேசினார். நான் தூங்கிவிட்டேன். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சு முடிகிற நேரமாகப் பார்த்து விழித்து, அவர் என்ன கேட்டார் என்றே தெரியாமல், சரி என்று சொல்லிவிட்டேன்.

எந்த மனிதர் என்று நீங்கள் அங்கே கேட்பது எனக்கு இங்கே கேட்கிறது. லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், அண்ணி. நகரத்தில் உயரமான கட்டடம் எது இருந்தாலும் அதன் லிஃப்ட் இவர் கைபட்டதாகத்தான் இருக்கும். மனைவி போய் வெகு காலம் ஆகிறது, ஒரே மகன் கடல் தாண்டிக் குடும்பத்தோடு இருக்கிறான். என் கடையில் ஒரு மெத்தை தைக்கக் கொடுத்தார். நானும் என் கையாலேயே பஞ்சு அடித்து, உறை தைத்து, நடுநடுவே ஊசி குத்தி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். மறுவாரமே அதைச் சுருட்டித் தோளில் சுமந்துகொண்டு வந்து நிற்கிறார், நடுவில் கட்டி இருக்கிறதாம். பிரித்துப் பார்த்தால் கட்டியும் இல்லை முட்டியும் இல்லை. மறுபடி தைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் திரும்பவும் தோளில் மெத்தை. இந்தத் தடவை தலைமாட்டில் கட்டியாம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் இவர் மெத்தை வியாபாரி என்று நினைத்து விலை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வருகிறபோதெல்லாம் நானும் கடைக்கூரை ஒழுகுகிறது, பஞ்சு மூட்டை நனைகிறது, வைக்க ஒரு நல்ல இடம் அகப்படவில்லை என்று அவரிடம் புலம்புவேன், அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். கடைசியில் ஒருநாள் நானே சொன்னேன்.

"லிஃப்ட்காரரே, கட்டி மெத்தையில இல்ல. உங்க முதுகுலதான் இருக்கு. நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க."

மனிதர் காது மடல்வரை சிவந்துபோனார். என் தையல் மெஷினின் சக்கரத்தைப் பார்த்தபடியே, "ஞாயித்துக்கிழமைன்னா நான் மலைப்பக்கம் நடக்கப் போவேன். நீங்களும் வாங்களேன். முதுகுக்கு நல்லது" என்றார்.

"யார் முதுகுக்கு?"

"பொதுவா" என்றார்.

இப்படித்தான் அண்ணி, பொதுவான ஒரு முதுகுக்காக நான் மலை ஏறப் போனேன்.

நகரத்து பஸ் கடைசியாக நின்று திரும்புகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இறங்கினோம். பஸ் போன பிறகு அப்படி ஒரு அமைதி. காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். மேல போய்க் கேக்குறேன். நாம திரும்ப இறங்குறதுக்குள்ள நீங்க பதில் சொன்னா போதும்" என்றார். "இங்கயே கேளுங்களேன், காத்து நல்லாத்தான வருது" என்றேன். "இல்ல, மேல" என்றார். லிஃப்ட்காரருக்கு எதுவுமே மேலே போனால்தான் வரும் போலிருக்கிறது.

என்ன கேட்கப் போகிறார் என்று யோசிக்காத அளவுக்கு நான் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. அதைத்தான் கேட்பார் என்று பாதி மனது சொன்னது. கேட்டால் என்ன சொல்வது என்று மீதி மனது கையைப் பிசைந்தது. உங்களிடம் மறைப்பானேன், உங்கள் நாத்தனார் தனியாக இருந்து பழகிவிட்டாள். எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் கட்டிலில் குறுக்கே படுப்பது. அதை இன்னொருவருக்காக விட்டுக்கொடுக்க முடியுமா என்பதுதான் மலை அடிவாரத்தில் எனக்கிருந்த பெரிய கவலை.

ஆனால் நடக்க நடக்க அந்தக் கவலை எங்கேயோ உதிர்ந்துபோனது. முதலில் வயல்கள், பிறகு சரிவு, பிறகு பனிமூட்டம். அந்தப் பனிமூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அண்ணி. ஒரு தூசி, ஒரு விதை இல்லாமல் அப்படி அடித்த பஞ்சை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை, எந்த வியாபாரியிடம் வாங்கியது என்று விசாரிக்கத் தோன்றியது. அதற்குள் நுழைந்ததும் கால் கீழே தெரியவில்லை, தொட்டதெல்லாம் ஈரமாகவும் இல்லை காய்ந்ததாகவும் இல்லை, முன்னால் போகிற லிஃப்ட்காரரின் தொப்பி மட்டும் தனியாக மிதந்து போகிறது, நான் அதைப் பின்தொடர்ந்து மிதக்கிறேன். எங்கேயோ தண்ணீர் ஓடுகிறது, எங்கே என்று தெரியவில்லை. ஒரு பறவை ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று யோசிப்பது போல நிறுத்திக்கொண்டது. திடீரென்று மூட்டம் விலகியபோது திரும்பிப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து முட்டி மோதிய அந்த நகரம், யாரோ தையல் பெட்டியைக் கைதவறிக் கவிழ்த்துவிட்ட மாதிரி, பொத்தானும் ஊசியுமாகக் கீழே சிதறிக் கிடக்கிறது. அதில் என் கடை எந்தப் பொத்தான் என்று தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காதது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

காட்டுக்குள் போனதும் வெளிச்சமே பச்சையாகிவிட்டது. இலைகளுக்கு நடுவே வெயில் சல்லடையில் சலித்த மாதிரி இறங்குகிறது. முன்னால் போகிறவர் நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மனிதர் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து நானும் மரியாதையாகச் சும்மா வந்தேன். சும்மா வந்ததுதான் தப்பு. நான் பேசிக்கொண்டே வந்திருந்தால் தூக்கம் கிட்டே வந்திருக்காது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மரங்கள் விலகி ஒரு திறந்த இடம் வந்தது. ஒரு பெரிய மரம் எப்போதோ விழுந்து கிடக்கிறது, அதன் அடியிலும் சுற்றிலும் பாசி படர்ந்திருந்தது. சும்மா பாசி இல்லை அண்ணி, கை வைத்தால் உள்ளே போய், எடுத்தால் மெதுவாக மேலே வருகிற பாசி. என் தொழில் புத்தி உங்களுக்குத் தெரியும். மெத்தென்று எதைப் பார்த்தாலும் முதலில் உள்ளங்கையால் அழுத்துவேன், அப்புறம் உட்காருவேன், அப்புறம் படுத்துப் பார்க்காமல் விடமாட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே மெத்தையில் படுத்துக் காட்டி, காட்டிய இடத்திலேயே தூங்கிப்போய், வாங்க வந்தவர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போனதும் உண்டு.

படுத்தேன். அவர் விழுந்த மரத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்கக் கூச்சப்பட்டு, எதிரே தெரிந்த மலைகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மெத்தைக்காரம்மா, நான் ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது கனவு. மலைமலையாகத் தெரிந்தது எல்லாம் ஒரே மெத்தை, நான் ஒரு பெரிய ஊசியை வைத்துக்கொண்டு அதில் முடிச்சுப் போட்டுக்கொண்டே போகிறேன். முடிச்சுப் போட்ட ஒவ்வொரு குழியிலும் ஒரு கிராமம் முளைக்கிறது, கூரையிலிருந்து புகை வருகிறது. நீங்கள் ஒரு ஓரத்தில் படுத்துக்கொண்டு, இங்கே ஒரு கட்டி இருக்கிறது என்று குறை சொல்கிறீர்கள். தேடிப் பார்த்தால் அது அண்ணன். அண்ணனை எப்படி எடுப்பது என்று நான் ஊசியோடு நிற்கும்போது, தூரத்திலிருந்து ஒரு குரல், "...அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல. என்ன சொல்றீங்க?"

கடையில் தினமும் சொல்லிச் சொல்லி நாக்கில் தேய்ந்துபோன வார்த்தை அண்ணி. கண்ணைத் திறக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"சரி, செஞ்சிடலாம். அடுத்த வாரம் வந்துடுங்க."

கண்ணைத் திறந்தால் அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். தொப்பியைக் கழற்றி, பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி மாட்டிக்கொண்டார்.

"அடுத்த வாரமேவா?" என்றார்.

"ஆமா, வேலை இப்பக் கம்மிதான்" என்றேன், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மலையின் மறுபக்கமாக இறங்க ஆரம்பித்தார். சீட்டியடித்தார் அண்ணி! மெத்தையைச் சுமந்துகொண்டு என் கடை வாசலில் வாய் திறக்காமல் நிற்கிற மனிதர், காட்டுப் பறவை எல்லாம் போட்டிக்கு வருகிற மாதிரி சீட்டியடித்துக்கொண்டு போகிறார். எனக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்தது. எதற்குச் சரி சொன்னேன்? தூங்கிட்டேன் சாமி, இன்னொரு தரம் சொல்லுங்க என்று எப்படிக் கேட்பது? அந்தச் சீட்டியை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பேச்சுக் கொடுத்தே விஷயத்தைக் கறந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

"நான் சரின்னதும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று ஆழம் பார்த்தேன்.

"கனவு மாதிரி இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவரே வாயைத் திறந்தார். "மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. ஜன்னல் பெருசு, நல்லா வெயில் விழும். எவ்வளவு மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு உள்ள வராது." இன்னும் கொஞ்சம் இறங்கியதும், "படி அகலம். மூட்டைய தாராளமா ஏத்தலாம்" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஞ்சு மூட்டை! பாவம், நான் புலம்பினதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் வீட்டு மாடியில் மூட்டை வைத்துக்கொள்ளச் சொல்லத்தான் மனிதர் இவ்வளவு தூரம் மலையேற்றி, தொண்டையைச் செருமி, வேர்த்து விறுவிறுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அட, இதற்காகவா கட்டிலைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டோம் என்று சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பார்த்தால், என்னவோ போல இருந்தது. மழைக்கு ஒழுகாத இடம் கிடைத்திருக்கிறது, ஒருத்தி சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுதான் முடியவில்லை. காட்டுக்குள் விழுந்த பச்சை வெளிச்சம் அப்படியேதான் இருந்தது, ஆனால் என் பங்கை மட்டும் யாரோ அணைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. குறுக்கே படுக்கிற கட்டில் முழுதும் எனக்குத்தான் என்று நினைத்தேன், அந்த நினைப்பில் முன்பிருந்த ருசி இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன், நீங்களும் கூச்சத்தோடு படித்துக்கொள்ளுங்கள்.

காடு முடிந்த இடத்தில் ஒரு சின்னக் கிராமம். வீடுகள் சரிவில் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன, கொடியில் துணி காய்கிறது, ஒரு நாய் எங்களைப் பார்த்துக் குரைக்கலாமா என்று யோசித்து, வெயில் சுகமாக இருந்ததால் விட்டுவிட்டது. வீட்டின் முன்னறையிலேயே ஒரு பெண் டீ போட்டு விற்கிறார். பெஞ்சில் உட்கார்ந்தோம். கீழே இன்னும் இரண்டு கிராமங்கள், அதற்குக் கீழே மஞ்சள் வெயிலில் பஸ் ரோடு நூல் மாதிரி.

டீக்காரம்மா தம்ளரைக் கொடுத்துக்கொண்டே எங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். "ஜோடியா நடந்து வர்றதப் பாக்கவே நல்லா இருக்கு. எங்க வீட்டு மனுசன் வாசல்படி தாண்ட மாட்டாரு."

லிஃப்ட்காரர் சிவந்து, சிரித்து, தம்ளருக்குள் பார்த்தார். நான்தான் முந்திக்கொண்டேன். எனக்கு அந்த நேரத்தில் வேடிக்கை பேசியே ஆகவேண்டியிருந்தது.

"ஜோடியெல்லாம் இல்லம்மா. இவரு எனக்கு மூட்டை வைக்க எடம் குடுக்குறவரு."

டீ தம்ளர் அவர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"மூட்டையா?" என்றார்.

அந்த முகத்தை அண்ணி, எப்படிச் சொல்ல? லிஃப்ட் மேலே போகும் என்று நினைத்து உள்ளே ஏறியவரைக் கீழே கொண்டுபோய் விட்ட மாதிரி இருந்தது. மேற்கொண்டு நடிக்க முடியவில்லை.

"லிஃப்ட்காரரே, திட்டாதீங்க. நீங்க பேசுனப்ப நான் தூங்கிட்டேன்."

"எதுலேர்ந்து?"

"'ரொம்ப நாளா'லேர்ந்து."

"அதுதான ஆரம்பம்?"

"ஆமா."

அவர் தம்ளரைப் பக்கத்தில் வைத்தார். "மூணு மாசமா மனப்பாடம் பண்ணது" என்றார், என்னிடம் இல்லை, எதிரே இருந்த மலையிடம். "லிஃப்ட் போற குழிக்குள்ள எறங்கி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அங்க கேட்டா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். அஞ்சாவது மாடி அம்மா கதவத் தொறந்து எட்டிப் பாத்து, 'நல்லா இருக்குங்க, ஆனா நடுவுல கொஞ்சம் நீளம்'னு சொன்னாங்க. அப்பறம் நடுவுல கொறச்சேன்."

"கொறச்சதுலயும் நான் தூங்கிட்டேனே. இன்னொரு தடவ சொல்லுங்க. இந்தா, நின்னுக்கிட்டே கேக்குறேன்."

"வராது. அது ஒரு தடவைக்குத்தான் இருந்துச்சு."

எங்கள் இருவரையும் விட டீக்காரம்மாதான் தவித்துப்போனார். கேட்காமலே தம்ளரை நிரப்பிவிட்டு, வடிகட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். "சுருக்கமாச் சொல்லுங்கண்ணே. எனக்கும் அடுப்புல வேலை இருக்குல்ல?"

லிஃப்ட்காரர் தொப்பியைக் கழற்றினார். அது அதுவரைக்கும் பின்பக்கம் முன்னாலேயே இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை. அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பஞ்சு மாடியில இருக்கட்டும். நீங்க கீழ என்கூட இருங்க."

டீக்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். கீழே இருந்த கிராமங்களைப் பார்த்தேன். எந்த வீட்டிலோ யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற குரல் மெல்லியதாக மேலே ஏறி வந்தது. கடைசியில், "எங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். உங்களைத்தான் திரை மாதிரி முன்னால் நிறுத்திக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"கேளுங்க. இறங்குறதுக்குள்ளன்னு நான் சொன்னது சும்மா. அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்றவர் மீதி வழி முழுதும் எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டார். வழுக்குகிற ஒரு இடத்தில் கையைக் கொடுத்தார். வழுக்கல் முடிந்த பிறகும் கை அங்கேயே இருந்தது. யாராவது உங்களுக்கு வேறு மாதிரி சொன்னால், அது வழுக்கல்தான் என்று சொல்லவும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. மலைகள் பின்னால் நீலமாகி, நீலம் சாம்பலாகி, ஒன்றோடொன்று கரைந்துகொண்டிருந்தன. காலையில் நாங்கள் நடந்தது அதில் எந்த மலை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிஜமாகவே போய் வந்தோமா என்றுகூடச் சந்தேகமாக இருந்தது, செருப்பில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்துத்தான் நம்பினேன். அவர் தலை மெதுவாக என் தோளில் சாய்ந்தது. தலையணை உயரம் சரியில்லை என்று பட்டதால், தொழில் முறையில் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன். நகரத்து விளக்குகள் வந்து, இரைச்சல் வந்து, எங்கள் நிறுத்தம் வந்து, அதுவும் தாண்டிப் போய்விட்டது. நான் எழுப்பவில்லை.

ஆகையால் அண்ணி, நன்றாக யோசித்து எழுதவும். இந்த வயதில் இது தேவையா, ஊர் சிரிக்குமா, அண்ணனிடம் யார் சொல்வது, அதை அண்ணன் சாப்பிடும் முன் சொல்வதா சாப்பிட்ட பின் சொல்வதா, எல்லாம் உங்கள் பொறுப்பு. அவர் நல்ல மனிதர், என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர், ஆனால் அதற்கு அவரை மட்டும் மெச்ச முடியாது, ஊரில் எல்லோருமே என்னைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார்கள். நான் ஒன்றும் அவசரக்காரி இல்லை. உங்கள் பதில் கைக்கு வரும் வரை அந்த விஷயத்தில் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன், இது உறுதி. அண்ணனுக்கு என் வணக்கம், அவர் கோபத்துக்குத் தனியாக ஒரு வணக்கம், பிள்ளைகள் கன்னத்தில் என் சார்பாக ஒரு கிள்ளு. உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நல்ல மெத்தையில் நன்றாகத் தூங்கி எழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத நாத்தனார்

பின்குறிப்பு: கடிதத்தைக் கவரில் போட்டு, தபால்தலை வாங்க மறந்து, கடை மேஜையிலேயே சில நாள் கிடந்துவிட்டது. அதற்குள் இன்று காலை ரிஜிஸ்தர் ஆபீசில் எங்கள் கல்யாணம் முடிந்துவிட்டது. அதனால் மேலே கேட்ட யோசனை வேண்டாம், வாழ்த்து மட்டும் அனுப்பவும். சாட்சிக்கு ஆள் வேண்டுமென்று, கடைக்கு எதிரே சைக்கிள் ரிப்பேர் செய்பவரைக் கூட்டிப்போயிருந்தோம். அவர் கண்ணாடி எடுத்து வரவில்லை. மாப்பிள்ளை போட வேண்டிய கட்டத்தில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆபீசரும் கவனிக்காமல் முத்திரை வைத்துவிட்டார். ஆகவே இப்போதைக்கு ரிஜிஸ்தர்படி என் கணவர் சைக்கிள்காரர், லிஃப்ட்காரர் சாட்சி. செவ்வாய்க்கிழமை வந்தால் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள்காரர் தன் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.